வாயைத் திறந்தாலே வர்க்கம் தெரியுமா? பிரிட்டன் உச்சரிப்பின் கதை

பிரிட்டிஷ் இங்கிலீஷ் என்றதும் நம் நினைவுக்கு வருவது பழைய பிபிசி செய்தி வாசிப்பாளரின் குரல்தான். ஆனா, அப்படிப் பேசுபவர்கள் அங்கே 10 சதவீதம்கூட இல்லை. மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? அதனால் அவர்களுக்கு என்ன சிக்கல்?

ஊருக்கு ஊர் மாறும்

லண்டனில் 'பஸ்'. வடக்கே லீட்ஸ், மான்செஸ்டர் போனால் அதுவே கிட்டத்தட்ட 'புஸ்'. குளியலைக் குறிக்கும் சொல்லைத் தெற்கில் 'பாத்' என நீட்டுவார்கள். வடக்கில் 'பத்' எனக் குறுக்கிவிடுவார்கள். லிவர்பூல் பேச்சுக்கு 'ஸ்கவுஸ்', நியூகாசிலுக்கு 'ஜோர்டி', பர்மிங்ஹாமுக்கு 'பிரம்மி' எனத் தனிப் பெயர்களே உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர்களின் சாயல் லிவர்பூல் பேச்சில் இன்றும் இருக்கிறது.

வர்க்கம் எப்படி நுழைந்தது?

'ஆர்பி' என்கிற மேட்டுக்குடி உச்சரிப்புக்குச் சொந்த ஊர் கிடையாது. ஈட்டன், ஹாரோ போன்ற பணக்கார உறைவிடப் பள்ளிகளிலும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜிலும் வளர்ந்தது அது. அதாவது, அது படித்த இடத்தைக் காட்டும். பிறந்த ஊரைக் காட்டாது.

இதற்கு நேர் எதிர், கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களின் 'காக்னி'. இதில் 'ஹவுஸ்' 'அவுஸ்' ஆகிவிடும். 'பட்டர்' என்றால் நடுவில் உள்ள 'ட்ட' தொண்டையிலேயே நின்றுவிடும். 1913இல் மேடையேறிய பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தின் கருவே இதுதான்: பூ விற்கும் பெண்ணின் உச்சரிப்பை மாற்றி, அவளைச் சீமாட்டியாகக் காட்ட முடியுமா?

1941இல் யார்க்‌ஷயர்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தன் ஊர்ப் பேச்சு வாசனையோடு பிபிசியில் செய்தி வாசித்தபோது, நேயர்கள் பலர் புகார் செய்தார்கள்.

இப்போது மாறிவிட்டதா?

முழுசா இல்லை. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் தலைமையில் நடந்த ஆய்வில், மக்கள் கொடுத்த மதிப்பெண்ணில் ஆர்பி மேலே இருந்தது. பர்மிங்ஹாம் போன்ற தொழில் நகரங்களின் உச்சரிப்பும், சிறுபான்மை இனத்தவர் உச்சரிப்பும் கீழே இருந்தன.

சட்டம் உதவுமா?

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனம், பாலினம், மதம், வயது போன்றவற்றுக்குப் பாதுகாப்பு தருகிறது. வர்க்கமும் உச்சரிப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டவர் உச்சரிப்பு என்றால் இனப் பாகுபாடு என்று வாதிடலாம். ஆனா, 'பர்மிங்ஹாம் பேச்சு என்பதால்தான் வேலை கிடைக்கவில்லை' என்று வழக்குப் போட நேரடி வழியில்லை.

அப்போ, எதுதான் சரியான உச்சரிப்பு?

மொழியியல்படி அப்படி ஒன்று இல்லை. ஆர்பிக்குக் கிடைத்த மரியாதை அதன் ஒலிக்காக வந்ததல்ல. அதைப் பேசியவர்களின் பணமும் பதவியும் கொண்டுவந்தது.