பசுமை கூடிய இடத்தில் பயிர் இருந்ததா? வலிகாமம் வடக்கின் செய்மதிப் படங்களை வாசித்தல்

தாவரச் சுட்டி உயர்ந்தால் நிலம் நலம்பெற்றது என்று கொள்ளும் வாசிப்பு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்குக்கும் பொருத்தப்படுகிறது. 1990இல் மக்கள் வெளியேறி, பின்னர் இராணுவ உயர்பாதுகாப்பு வலயமான பலாலி, மயிலிட்டி, வசாவிளான் பகுதிகளில் இது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும் என்பது என் கருத்து. அளவீட்டில் குறையில்லை; அது எதை அளக்கிறது என்பதிலேயே எனக்கு முரண்பாடு.

தாவரச் சுட்டி, இலைகள் உறிஞ்சும் சிவப்பொளிக்கும் தெறிக்கவிடும் செந்நிறக்கீழ் ஒளிக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணிக்கிறது. இலை புகையிலையுடையதா பற்றையுடையதா என்பது அதற்குத் தெரியாது. லான்ட்சாட் 5 செய்மதி பதினாறு நாளுக்கொருமுறைதான் ஓரிடத்தைக் கடந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் முகில் மறைக்கும். ஆகவே ஆய்வாளர் கைக்கு வருவன பெரும்பாலும் கோடைப் படங்கள். கோடையில் அறுவடை முடிந்து உழுத தோட்டம் வெறும் செம்பாட்டு மண்ணாகக் கிடக்கும், சுட்டி தாழும். கைவிடப்பட்ட காணியிலோ வேம்பும் பனை வடலியும் பற்றைக்காடும் இறைப்பு இல்லாமலே பசுமையாய் நிற்கும். உழைப்பு நின்ற நிலமே உயர்ந்த எண்ணைப் பெறுகிறது. காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியவர்கள் பற்றை வெட்டினால் அதே எண் சரியும். மீள்குடியேற்றம் சூழல் சீரழிவாகப் பதிவாகும்!

படவணுவின் அளவும் சிக்கலானது. முப்பது மீற்றர்ச் சதுரம் ஏறக்குறைய மூன்றரைப் பரப்பு. யாழ்ப்பாணத்துத் தோட்டத் துண்டுகள் பல அதற்கும் சிறியவை. வேலி, ஒழுங்கை, வெங்காயம், வாழை எல்லாம் ஒரே எண்ணில் கலந்துவிடும்.

மழை கூடியதால் பசுமை கூடியது என்போருக்கு, வலயத்துக்குத் தெற்கே ஏழாலையிலும் அதே மழைதான் பெய்தது என்பதே விடை. வலயத்துக்குள் படையினர் பயிர்செய்ததும் உண்மை. ஆனால் அது ஒரு பகுதியில் மட்டுமே. இறைப்பு நின்றதா என்பதை நிலத்தடி நீரின் வழியே, புவியீர்ப்பை அளக்கும் கிரேஸ் செய்மதிகள் சொல்லும் என்ற வாதம் நீண்ட மறுப்புக்கு உரியதல்ல: சில நூறு கிலோமீற்றர் அகலத்தைச் சேர்த்தே நோக்கும் கருவி, ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவிலான குடாநாட்டைத் தனியாகப் பிரிக்காது.

ஆண்டுக்காண்டு ஒப்பிடுவதைவிட, ஓராண்டுக்குள் சுட்டி ஏறி இறங்கும் வீச்சைப் பார்ப்பது நம்பகமானது. பயிர் நிலம் பருவத்தோடு ஊசலாடும். பற்றைக்காட்டின் கோடு ஒப்பளவில் மட்டமாக ஓடும். இதுவும் முழுமையானதல்ல: வீட்டுத்தோப்பும் மட்டமான கோட்டையே தரலாம். 2017இல் ஒரு பகுதி விடுவிக்கப்பட்ட மயிலிட்டியில் இதைச் சோதிக்கலாம். 2015இல் ஏவப்பட்ட சென்டினல்-2 பத்து மீற்றர் நுணுக்கத்தில் காட்டுகிறது. 2017இல் இரண்டாவது செய்மதியும் சேர்ந்தபின் ஐந்து நாளுக்கொரு படம் கிடைக்கிறது. 2015க்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு லான்ட்சாட்டின் ஐதான படங்களையே நம்பவேண்டும். அவற்றைக் காணி உறுதிகளோடும் விதானைமாரின் பதிவுகளோடும் ஒப்புநோக்காமல் எந்த முடிவையும் ஏற்க நான் ஆயத்தமில்லை.