திண்டுக்கல் மலைக்கோட்டை

திண்டுக்கல் நகரை நெருங்கும் எவர் கண்ணுக்கும் முதலில் தென்படுவது மொட்டைப் பாறையொன்று. அதன் உச்சியில் மதில். மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-இல் எழுப்பிய கோட்டை அது. இன்று தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது.

பாறையில் வெட்டிய படிகளில் மூச்சு வாங்க ஏறிச் செல்பவர் அங்கே மாளிகையை எதிர்பார்க்கலாகாது. இது போர்வீரர் தங்கிய பாசறை. 1755-இல் மைசூரின் பௌஜ்தாராக இங்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர் துணைகொண்டு படைக்கலச் சாலை நிறுவினார். வெடிமருந்துக் கிடங்கின் முன் நெடுநேரம் நின்றேன். அதற்கு இரட்டைச் சுவர். மருந்துக்கு ஈரமும் ஆகாது, வெம்மையும் ஆகாதன்றோ!

1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் கும்பெனிப் படை இம்மலையை முற்றுகையிட்டது. பீரங்கிகள் மதிலை உடைத்தன. பிளவு முற்றுமுன்னரே 21-ஆம் நாள் ஏறிப் பாய்ந்தனர். திப்புவின் வீரர் அவர்களைத் துரத்தியடித்தனர். ஆயினும் மறுநாட்காலை கோட்டையில் வெள்ளைக்கொடி பறந்தது! காவலர் பலர் இரவோடிரவாக அகன்றுவிட்டனராம். கீழே இருந்தோரிடம் குண்டும் மருந்தும் தீரும் நிலையில் இருந்ததை மேலே இருந்தோர் அறிந்திலர். இதனை எழுதி வைத்தவர் வென்றவர்களே. ஆதலின் அஞ்சி ஓடினர் என்பதை நான் அப்படியே ஏற்பதற்கில்லை. தோற்றவர் தரப்பைச் சொல்ல அங்கே எவருமில்லை.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பெனிக்கு உரியதாயிற்று.

மதிலோரம் நின்று கீழே நோக்கினேன். முற்றுகைப் படை சூழ்ந்திருந்த சமவெளியெங்கும் வீட்டுக் கூரைகள். பின்னால் பாறைச் சுனையில் சிறிது மழைநீர் கிடந்தது.