பிளாக் ஃப்ரைடே: கடைக்குள்ள நிண்ட சனத்தின்ட கதை

நவம்பர் கடைசிக் கிழமை வந்தால் எங்கட போன்களிலயும் 'பிளாக் ஃப்ரைடே' மலிவு விற்பனை விளம்பரங்கள் வந்து விழத் தொடங்குது. அமெரிக்கர்கள் வியாழக்கிழமை கொண்டாடுற நன்றி நவிலல் நாள் இங்க ஆருக்கும் இல்லை. அதுக்கு அடுத்த நாள் யாவாரம் மட்டும் எப்பிடியோ வந்து சேர்ந்திட்டுது.

பெயருக்குச் சொல்லப்படும் விளக்கத்தைப் பலர் கேட்டிருப்பீர்கள். வருடம் முழுக்க நட்டத்தைச் சிவப்பு மையால் எழுதும் கடைக்காரர், அன்றைக்குத்தான் இலாபம் கண்டு கறுப்பு மைக்கு மாறுகிறாராம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது 1980களில் பரவிய கதை. பெயர் அதைவிடப் பழசு. 1950களிலிருந்து அதைச் சொல்லித் திரிந்தவர்கள் பிலடெல்பியா நகரத்துப் பொலிஸார். சனிக்கிழமை அங்கே தரைப்படைக்கும் கடற்படைக்கும் ஃபுட்போல் போட்டி நடக்கும். அதுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை நகரமே சனத்தால் நிறைந்துவிடும். வாகன நெரிசல், கடைகளில் களவு, பொலிஸ்காரருக்கு லீவும் இல்லை. எரிச்சலில் வைத்த பெயர். கடைக்காரருக்கு அது துண்டாப் பிடிக்கவில்லை. 1961இல் 'பிக் ஃப்ரைடே' என்று மாற்றிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை.

ஆக, அந்தப் பெயர் அன்றைக்கு வேலை செய்ய வேண்டியிருந்த ஆக்களின்ட பெயர். இந்தச் சீசனில் வேலை செய்யிறவையின்ட கதை இன்னும் பின்னுக்குப் போகுது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரிய கடைகளில் நத்தாருக்கு முந்திய நாட்கள் கொடுமையானவை. விற்பனைப் பெண்களும், பார்சல் தூக்கும் சின்னப் பெடியன்களும் இரவு நெடுநேரம் நிற்க வேண்டும். புளோரன்ஸ் கெலி வழிநடத்திய தேசிய நுகர்வோர் லீக், வாங்க வரும் சனத்திடமே கேட்டது: கடைசி நேரத்தில் ஓடி வராதீர்கள், நேரத்தோடு வாங்குங்கள். கடைச் சிப்பந்திகளுக்காகக் கேட்ட அந்த வார்த்தையைக் கடைக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சீசன் நீண்டது! இன்றைக்கும் அந்த விளம்பரம்தான் ஓடுது, ஆருக்காகக் கேட்டது என்பது மட்டும் விடுபட்டுப் போச்சு.

1912இல் நியூயோர்க்கில் 'பயனற்ற பரிசு கொடுப்பதைத் தடுக்கும் சங்கம்' என்று ஒன்றும் தொடங்கியது. பகிடி இல்லை. நத்தாருக்கு மேலதிகாரிக்குப் பரிசு வாங்க வேலைக்காரப் பெண்களிடம் காசு சேர்ப்பது அப்போது வழக்கம். குறைந்த சம்பளத்தில் அதையும் கட்ட வேணும். அதை எதிர்த்துத்தான் சங்கம். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் அதில் சேர்ந்தார்.

இன்னொரு ரூஸ்வெல்ட் செய்தது இதுக்கு நேர்மாறு. லிங்கன் 1863இல் அறிவித்த காலம் தொட்டு நன்றி நவிலல் நாள் நவம்பரின் கடைசி வியாழன். 1939இல் அது 30ஆம் திகதி விழுந்தது. அந்த நாள் முடியுமட்டும் நத்தார் யாவாரத்தைத் தொடங்காமல் இருப்பது கடைக்காரரின் வழமை என்பதால், மிஞ்சியது 24 நாள்தான். பொருளாதார மந்தம் விட்டுப்போகாத காலம் வேறு. ஒஹாயோ கடை முதலாளி ஃபிரெட் லாசரஸ் போன்றவர்கள் நெருக்க, பிராங்ளின் ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு கிழமை முன்னுக்கு நகர்த்தினார். ஏறத்தாழ அரைவாசி மாநிலங்கள்தான் கேட்டன. மிச்சம் பழைய நாளிலேயே கொண்டாட, ஒரே நாட்டில் இரண்டு நன்றி நாள். கலண்டர் அச்சடித்தவர்கள் பாடு சொல்லத் தேவையில்லை. 1941 டிசெம்பரில் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டுத்தான் குழப்பம் தீர்ந்தது. யாவாரிகளுக்குப் பண்டிகை விட்டுக்கொடுத்தது.

பிலடெல்பியா பொலிஸார் பயந்த சனநெரிசலைப் பிற்காலக் கடைகள் தாங்களே தேடின. விடியமுன் கதவு திறப்பு, முதலில் வருபவருக்குப் பெரிய கழிவு. 2008 நவம்பர் 28, லோங் ஐலண்டில் ஒரு வோல்மார்ட் கடை. விடியக் காலமை ஐந்து மணிக்கு, வெளியே நின்ற ஏறத்தாழ 2,000 பேர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். வாசலில் நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்கும் அரச நிறுவனம் வோல்மார்ட்டுக்கு விதித்த தண்டம் 7,000 டொலர். அதையும் எதிர்த்து அந்தக் கம்பனி ஆண்டுக்கணக்கில் வழக்காடியது.