கிளிப்பிள்ளை கட்டுரை எழுதுமா?

“கட்டுரை எழுதுங்கள்” என்கிறோம். வகுப்பறையே வாடிவிடுகிறது! கணக்கென்றால் கை உயர்த்துவோரும், கதையென்றால் காது கொடுப்போரும், கட்டுரை என்றதும் தலை கவிழ்கின்றனர். ஏன் இந்த வெறுப்பு?

திருவண்ணாமலையில் பாடம் நடத்தும் நாம், ஒருமுறை ‘கார்த்திகை விளக்கு விழா’ என்று தலைப்புத் தந்தோம். ஏடுகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே தொடக்கம், ஒரே முடிவு. அத்தனையும் வழிகாட்டி நூலின் வாசகம்! அவற்றுள் ஒன்று, விழாநாளில் தாயுடன் தெருவோரம் அமர்ந்து அகல் விளக்கு விற்கும் மாணவனுடையது. அவனை அழைத்துப் பேசவிட்டோம். மழை வந்தால் வாங்குவோர் கலைந்துவிடுவதையும், மலையுச்சியில் சுடர் தோன்றும் வேளையில் அதைக் காணாமல் தாய் சில்லறை எண்ணிக்கொண்டிருந்ததையும் கொட்டித் தீர்த்தான்.

“இதை ஏன் எழுதவில்லை?” என்றோம்.

“இதையெல்லாம் எழுதலாமா ஐயா?” என்றான்.

தோழர்களே, அந்தக் கேள்வி அவன் ஒருவனுடையதன்று. அதற்கு நெடிய வரலாறு உண்டு.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650, அவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே! பள்ளிகள் இருந்தன, மறுக்கவில்லை. பயின்றது என்ன? பிள்ளைகள் செய்யுளைப் பிசகாமல் ஒப்புவிக்கின்றனர், பொருளறிவோ கிளிக்குள்ள அளவுதான் என்று 1823-இல் எழுதினார் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல். வெள்ளையர் கூற்று என்று தள்ளிவிடலாமா? நம் திண்ணைப் பள்ளிகளிலும் ஆத்திசூடியும் எண்சுவடியும் நிகண்டும் நெட்டுருவாகவே ஏறின. ஓலையில் எழுதிய காலம் அது. நூல் அரிது, நினைவே நூலகம். நெட்டுருவுக்கு அன்று காரணம் இருந்தது.

பின்னர் 1835-இல் வந்தது மெக்காலேயின் குறிப்பு. 1857-இல் எழுந்தது சென்னைப் பல்கலைக்கழகம். காகிதம் வந்தது, அச்சு வந்தது, தேர்வும் வந்தது. நெட்டுரு மட்டும் போகவில்லை! செய்யுள் இருந்த இடத்தில் ஆங்கில வாசகம் அமர்ந்தது. அன்னிய மொழியில் தன் ஊரைப்பற்றி எழுத வேண்டியவன், பிறர் எழுதியதை உருப்போடாமல் வேறென்ன செய்வான்?

கட்டுரையின் பிறப்போ வேறு. 1580-இல் பிரான்சு நாட்டு மொந்தேன் தம் எழுத்துகளுக்கு இட்ட பெயருக்கு ‘முயற்சி’ என்பதே பொருள். தம் ஐயங்களைத் தாமே எடைபோட்டார். நம் உரையாசிரியர்களும் தடை எழுப்பி விடை கண்டே உரை வளர்த்தனர். வினவும் உள்ளமே எழுதும் உள்ளம்.

அந்த உள்ளத்தை நாம் வளர்த்தோமா? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டம் தந்தோம். எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை தந்தோம். எண்ணத்திற்கு என்ன தந்தோம்? மாணவனைக் குறைகூறுமுன் ஆசிரியராகிய நாமே குற்றவாளிக் கூண்டில் ஏறத்தான் வேண்டும்.

“சொந்தமாக எழுதினால் மதிப்பெண் குறையுமே!” என்பர். முதலில் பேசட்டும்; பிறகு பேசியதை எழுதட்டும்; பிழை களைவது மூன்றாம் வேலை. இம்மூன்றையும் கற்றவனுக்குத் தேர்வுத் தாளும் அஞ்சத்தக்கதன்று. வீட்டில் ஒரு நூலும் இல்லாத, முதல் தலைமுறையாக எழுத்தறியும் பிள்ளைக்கு இவ்வழி இன்றியமையாதது. ஏனெனில், அவன் வாழ்வை எழுதிவைத்த வழிகாட்டி நூல் எதுவும் இல்லை, அவனேதான் எழுதவேண்டும்.

அம்மாணவன் மீண்டும் எழுதினான். அரைப் பக்கம், பதினொரு பிழைகள். இரவல் வரி ஒன்றுகூட இல்லை!