சேலையூர் யாருக்குச் சொந்த ஊர்?



சில வாரங்களுக்கு முன் மறைக்கல்வி வகுப்பில், "உங்கள் சொந்த ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னோம். ஒருவன் திருநெல்வேலி என்று எழுதினான். ஒருத்தி தூத்துக்குடி என்று எழுதினாள். இன்னொருத்தி வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னாள். இவர்களில் பெரும்பாலோர் பிறந்ததும் வளர்வதும் இங்கேதான். ஆனால் சேலையூர் என்று ஒரு பிள்ளைகூட எழுதவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. வீட்டில் நாம் பேசுவதைத்தான் அவர்கள் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளாக இங்கே குடியிருந்தும், "ஊருக்குப் போகிறோம்" என்று சொல்லித்தானே பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் வண்டி ஏறுகிறோம்? அப்படியானால் நாம் வாழும் இந்த இடம் என்ன? அதன் கதையை இன்று கொஞ்சம் கேட்போம்.

இந்தப் பக்கத்து மண்ணில் மனிதர் நடமாட்டம் மிகப் பழையது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நமக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பல்லாவரத்தில், ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் கையால் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலக் கருவி. இந்திய நாட்டின் தொல்பழங்கால ஆய்வுக்கு அந்தக் கல்தான் பிள்ளையார் சுழி போட்டது. அடுத்த ஊரான மாடம்பாக்கத்திலோ சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் நிற்கிறது. படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்த அதன் விமானத்தைத் தூங்கானை மாடம் என்பார்கள். ஆக, நாம் வெறும் பொட்டலில் வந்து குடியேறிவிடவில்லை.

இந்த ஊர்களையெல்லாம் வாழவைத்தது ஏரி. செங்கல்பட்டுச் சீமையில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைத் தேக்கி வைத்தால்தான் நெல் விளையும். அதனால் ஊருக்கு ஓர் ஏரி, ஏரிக்கு ஒரு கரை, மதகு, கலங்கல் என்று முன்னோர் அமைத்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலங்கல் வழியே அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். சேலையூர் ஏரியின் நீர் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு. மேலேயுள்ள ஊர் தன் கலங்கலை அடைத்தால் கீழேயுள்ள ஊர் காயும். கீழேயுள்ள ஊர் வாய்க்காலை அடைத்தால் மேலேயுள்ள ஊர் மூழ்கும். ஒருவரையொருவர் நம்பித்தான் வாழவேண்டும் என்பதை நீரே கற்றுக்கொடுத்தது.

இந்தப் பொறுப்பை நம் முன்னோர் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள்! உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியைக் கவனிக்க ஆண்டுதோறும் குடவோலை முறையில் ஏரி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதை அவை சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் நம் வட்டாரத்தின் முகம் மாறியது. 1928இல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இதே பணியைச் செய்தவர் அவர். கணித மேதை ராமானுஜன் அங்கே சிலகாலம் சிகிச்சை பெற்றார். சானடோரியம் என்று நாம் ரயிலில் இறங்கும் நிறுத்தத்தின் பெயர் அவருடைய பணியிலிருந்து வந்ததே. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர் மனைவி ஆலிசும் அந்தப் புதர்க்காட்டில் மரங்கள் நட்டு வளர்த்தார்கள். அங்குள்ள விடுதிகளில் ஒன்று இன்றும் நம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிறது.

1938 டிசம்பரில் நடந்ததை நம்மில் பலர் அறியோம். உலக மறைப்பணி பற்றிய பிற கிறிஸ்தவ சபையினரின் பெரிய மாநாடு ஒன்று சீனாவின் ஹாங்சோ நகரில் நடக்கவிருந்தது. ஜப்பான் சீனாமீது போர் தொடுத்ததால் அது அந்தக் கல்லூரி வளாகத்துக்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 470 பேர் வந்தார்கள். போரிட்டுக்கொண்டிருந்த இரு நாடுகளின் மக்களும், சீனரும் ஜப்பானியரும், இங்கே ஒரே கூரையின்கீழ் அமர்ந்து செபித்தார்கள். நாம் பால் வாங்கவும் பஸ் ஏறவும் நடக்கும் இந்த ஊருக்கு அப்படியும் ஒரு நாள் இருந்தது.

பின்னர் விமானப்படை நிலையம் வந்தது. விமானப் பயிற்றுநர் பள்ளி 1954இல் வந்தது. வேலை தேடி நாமும் வந்தோம். நஞ்சை மனையானது, வாய்க்கால் தெருவானது. 1964இல் தாம்பரம் நகராட்சியாயிற்று, 2021இல் மாநகராட்சியாயிற்று. நமக்கு நிலம் விற்ற பழைய குடிகள், இதையே சொந்த ஊராகக் கொண்டவர்கள், நம் நடுவே இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் பட்டாவைக் கேட்டோம், வில்லங்கம் கேட்டோம். தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டோமா?

2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வந்தது. அந்தப் பாதையில் நம் வீடுகள் இருந்தன. அதே ஆண்டில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்துச் சுற்றுமடல் எழுதியிருந்தார்.

தொடக்க நூலில் ஈசாக்கைப் பார்க்கிறோம். தந்தை ஆபிரகாம் காலத்தில் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணால் மூடியிருந்தார்கள். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு மறுபடியும் இட்டார். நீரையும் பெயரையும் அவர் சேர்த்தே மீட்டார்.

சொந்தம் இல்லை என்று நினைக்கும் இடத்தில் யாரும் குப்பை போடத் தயங்குவதில்லை. ஏரிக்குள் கழிவுநீர் விழுந்தாலும் கேட்பதில்லை. தாத்தாவின் ஊரை மறக்கச் சொல்லவில்லை. அதோடு இந்த ஊரையும் பிள்ளைகளுக்குச் சொந்தமாக்குவோம். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மதகு எங்கே, கலங்கல் எங்கே என்று தேடிப் பாருங்கள். தெரியாவிட்டால் பக்கத்துத் தெருவில் பழைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். அவர் மகிழ்ந்து சொல்வார். அந்தப் பத்து வரியை நாங்களும் மறுபடி எழுதச் சொல்லப்போகிறோம்.

இறைவன் உங்களையும், நீங்கள் வாழும் ஊரையும் ஆசீர்வதிப்பாராக.