மின்மினியின் வலக்கை

கோல சிலாங்கூருக்குச் சுற்றுலா செல்லும் நம் மாணவர்கள், கம்போங் குவாந்தானில் இரவில் படகேறி, ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் ஒளிரும் மின்மினிகளைக் கண்டு வியக்கின்றனர். அவ்வொளி பிறக்கும் விதத்தை அறிவியலார் கண்டறிந்த வரலாற்றில் சிறுவர்களுக்கும் பங்குண்டு என்பதை ஆசிரியர்கள் அவர்களுக்கு எடுத்துரைக்கலாம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் மெக்கெல்ராய், நூறு மின்மினிக்கு 25 சென்ட் கொடுத்துச் சிறுவர்களைப் பிடித்துவரச் செய்தார். (நம் ஆற்றங்கரையில் எவரும் இதைப் பின்பற்ற வேண்டா!) ஒளிக்கு ஏடிபி எனும் ஆற்றல் மூலக்கூறு தேவை என்பதை 1947இல் அவர் காட்டினார். 1957இல் ஏறத்தாழ 15,000 பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்த தூய லூசிபெரின் வெறும் 9 மில்லிகிராம்தான்.

1961இல் எமில் வைட் குழுவினர் லூசிபெரினை ஆய்வகத்திலேயே உருவாக்கினர். அதற்குச் சிஸ்டீன் எனும் அமினோ அமிலம் வேண்டும். இதற்கு இரு வடிவங்கள் உண்டு. நம் இரு கைகளைப் போல, ஒன்று மற்றதன் ஆடிப் பிம்பம். ஒன்றன்மீது ஒன்று பொருந்தாது. வலக்கைச் சிஸ்டீனில் செய்த லூசிபெரின் ஒளிர்ந்தது. இடக்கைச் சிஸ்டீனில் செய்ததோ ஏடிபியுடன் இணைந்தும் ஒளிரவில்லை. அணுக்கள் அவையே, எண்ணிக்கையும் அதுவே. ஒன்று ஒளி, மற்றது இருள்! உயிர்கள் தம் புரதங்களைக் கட்டுவது இடக்கை அமினோ அமிலங்களால் என்பதை எண்ணும்போது வியப்பு மிகுகிறது. மின்மினி இடக்கைச் சிஸ்டீனிலிருந்தே தொடங்கி, பின்னர் லூசிபெரினை வலக்கை வடிவத்திற்கு மாற்றிக்கொள்கிறது என்பதைப் பிற்கால ஜப்பானிய ஆய்வுகள் காட்டின.

இவ்வொளிக்கு உயிர்வளியும் தேவை. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்றொரு பண்பு உண்டு. பெரும்பாலான மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியுடன் இணையாக அமைந்துள்ளன. உயிர்வளியிலோ இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே திசையில் தனித்து நிற்கின்றன. அதனால் அது பிற மூலக்கூறுகளுடன் எளிதில் வினைபுரிவதில்லை. காற்றில் கிடக்கும் விறகு தானே பற்றி எரியாததற்கு இதுவும் ஒரு காரணம். லூசிபெரின் முதலில் ஓர் எலக்ட்ரானை உயிர்வளிக்குக் கொடுத்தே இத்தடையைக் கடக்கிறது என்பதற்கு 2015இல் சான்று கிடைத்தது.

மூலக்கூறின் கையமைப்பு தற்சுழற்சியையே தேர்ந்தெடுக்குமா? இசுரேலின் வைஸ்மன் ஆய்வுக்கழகத்தில் ரான் நாமன் குழுவினர், லைசின் எனும் அமினோ அமிலத்தைக் கொண்ட மெல்லிய படலத்தின் வழியே எலக்ட்ரான்களைச் செலுத்தி, அவ்வாறே நிகழ்வதை 1999இல் கண்டனர். ஒருவகைத் தற்சுழற்சியுடையவை எளிதாகக் கடந்தன. இடக்கைப் படலத்தை வலக்கையாக மாற்றியதும் மறுவகைக்கு வழி எளிதாயிற்று. மின்மினியின் இருளுக்கு இதுவே காரணம் என்று மாணவரிடம் கூறிவிடக் கூடாது. அங்கே முதன்மையானது நொதியில் மூலக்கூறு பொருந்தும் விதம். ஆயினும் 2011இல் டிஎன்ஏ இரட்டைச் சுருளும் எலக்ட்ரான்களை அவ்வாறே வடிகட்டுவதை நாமன் குழுவினர் நிறுவினர்.