உபுட் நகரத்துப் பங்களா

மாலை வேளையில் பொந்தியான் கெச்சில் கடற்கரையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கடல்தான். அதற்கு அப்பால் இந்தோனேசியத் தீவுகள். அங்கிருந்து வந்து குடியேறிய ஜாவாக்காரர்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். அவர்களுடைய கூடா கெப்பாங் ஆட்டத்தில் மூங்கில் குதிரையைக் கண்டதும் நமக்குப் பொய்க்கால் குதிரை நினைவுக்கு வருகிறது.

அந்த ஜாவாவையும் தாண்டிக் கிழக்கே இருக்கிறது பாலித் தீவு. அங்கே பெரும்பான்மையோர் இந்துக்கள். இன்று பாலி என்றதும் பலருக்குச் சொகுசு விடுதிதான் கண்முன் நிற்கிறது. வயலுக்கு நடுவே கூரை வேய்ந்த வீடு, வாசலில் கற்சிலை, சுவரில் ஓவியம், இரவில் நடனம். அத்தகைய விடுதிகள் சிலவற்றில் ஓர் இரவுக்கான வாடகை தோட்டத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். இவை எப்படி வந்தன? அந்தக் கதை இரத்தத்தில் தொடங்குகிறது.

1904-ல் பாலியின் தென்கரையில் ஒரு கப்பல் தரை தட்டியது. ஊரார் அதைக் கொள்ளையடித்தார்கள் என்று சொல்லி டச்சுக்காரர்கள் பாடுங் அரசரிடம் நஷ்டஈடு கேட்டார்கள். அரசர் மறுத்தார். 1906 செப்டம்பர் 20-ஆம் நாள் டச்சுப் படை டென்பசார் அரண்மனையை நெருங்கியது. அரசரும் குடும்பத்தாரும் பூசாரிகளும் பெண்களும் பிள்ளைகளும் வெள்ளை உடுத்தி, கையில் கிரிஸ் கத்தியுடன் வெளியே வந்து, துப்பாக்கிக்கு நேராக நடந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இதைப் பாலி மக்கள் 'புபுத்தான்' என்பார்கள்; முடிவு வரை போரிடுவது என்று பொருள். 1908-ல் குலுங்குங் அரண்மனையிலும் இதுவே நடந்தது.

உலகம் முகம் சுளித்தது. உடனே டச்சு அரசு, பாலியின் பழமையைக் காக்கும் காவலன் நானே என்று வேடம் மாற்றிக்கொண்டது. கப்பல் கம்பெனி பயணிகளை ஏற்றி வந்தது. 1928-ல் அதே டென்பசாரில் பாலி ஹோட்டல் எழுந்தது.

கியாஞார் அரசு மட்டும் 1900-லேயே டச்சுப் பாதுகாப்பை ஏற்றிருந்தது. அதைச் சேர்ந்த உபுட் அரண்மனை அதனால் தப்பியது. நிலமும் கைவிட்டுப் போகவில்லை. இதைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு, சாமர்த்தியம் என்பாரும் உண்டு. பின்னால் வந்த கதைக்கு அந்த நிலமே அடிப்படை.

மாஸ்கோவில் பிறந்த ஜெர்மானியர் வால்ட்டர் ஸ்பீஸ், ஓவியர், இசைக்கலைஞர். 1927-ல் உபுட் அரச குடும்பத்தின் ஆதரவோடு அங்கே வந்து தங்கினார். இரண்டு ஆறுகள் கூடும் சம்புஹான் என்ற இடத்தில் ஓலைக்கூரை வீடு கட்டினார். பள்ளத்தாக்கில் நீச்சல் குளமும் அமைத்தார். நாட்டுப்புறத்து ஓய்வு விடுதி என்று இன்று சொல்வதற்கெல்லாம் முன்னோடி அந்த வீடுதான் என்பது நம் கருத்து. சார்லி சாப்ளின் 1932-ல் பாலிக்கு வந்தபோது ஸ்பீஸைச் சந்தித்தார். 1935-ல் வந்த எழுத்தாளர் விக்கி பாம், அந்த 1906 புபுத்தானை வைத்தே ஒரு நாவல் எழுதினார்.

ஆனால் கலையை வெள்ளைக்காரர் கொடுத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். கோயில் துணிகளில் இதிகாசக் காட்சிகளை வரைந்த கைகள் அங்கே ஏற்கனவே இருந்தன. அந்தக் கைகள் இப்போது காகிதத்தில் வயலையும் சந்தையையும் வரையத் தொடங்கின. 1936-ல் அரண்மனையின் சொக்கோர்டா கெடே ஆகுங் சுகாவதி, முதுபெரும் கலைஞர் லெம்பாட், ஸ்பீஸ், டச்சு ஓவியர் போனே ஆகியோர் சேர்ந்து ஒரு கலைஞர் சங்கம் அமைத்தார்கள். பயணிகளுக்காக அவசரத்தில் செய்த மட்டமான சரக்கு பெருகிவிடாமல் தரம் பார்ப்பது அதன் வேலை. சங்கத்தின் பெயர் 'பிதா மஹா'. நம் பீஷ்மப் பிதாமகரை நினைத்துக்கொள்ளுங்கள், பெயர் புரியும்!

கெச்சாக் ஆட்டமும் அந்தக் காலத்தில் உருவானதே. வாத்தியம் கிடையாது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து "சக், சக்" என்று குரல் எழுப்ப, நடுவே இராமாயணம் நடக்கும். சாமியாட்டத்தின் பழைய கோஷத்தோடு இராமாயணக் கதையைச் சேர்த்து, 1930-களில் பெடுலு ஊர் ஆட்டக்காரர்களும் ஸ்பீஸும் அமைத்தது அது. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நினைத்துப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

ஸ்பீஸின் முடிவு கொடியது. 1940-ல் ஜெர்மனி ஹாலந்தைத் தாக்கியதும் டச்சுக்காரர்கள் அவரைச் சிறைப்பிடித்தார்கள். 1942 ஜனவரியில் கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் மேல் சுமத்ராவுக்கு அருகே ஜப்பானியக் குண்டு விழுந்தது. மாலுமிகள் தப்பினார்கள்; கைதிகளில் நானூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள். ஸ்பீஸும் அவர்களில் ஒருவர். பின்னாளில் அரண்மனைக் குடும்பம் சம்புஹானில் விடுதி நடத்தியது. 1956-ல் உபுட்டில் ஓவிய அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. வெள்ளைக்காரர் போனார், வீடு ஊர்க்காரரிடமே நின்றது.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாக்கள் 2005-ல் சொகுசு விடுதிகளாயின. விருந்தாளிக்குத் தேயிலை மலை அழகான காட்சி. கொழுந்து பறிக்கும் நம்மவர் பிள்ளைகள் வளர்வது லயத்து அறைகளில்.

பாலியிலும் எல்லாம் நலமென்று சொல்வதற்கில்லை. வயல்கள் விடுதிகளாக மாறுகின்றன. வயலுக்கு வரும் தண்ணீரைக் கோயிலோடு இணைத்துப் பங்கிடும் 'சுபாக்' முறையை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வயலே இல்லாவிட்டால் பங்கிட என்ன இருக்கும்?

இருந்தாலும் ஒரு செய்தி. 1989-ல் உபுட்டுக்கு அருகே, ஆயுங் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல், அமாந்தாரி என்ற விடுதியைக் கிராமம் போலவே கட்டினார்கள். ஊரார் சாமி ஊர்வலமாக ஆற்றுக்குப் போகும் பழைய பாதை அந்த விடுதியின் ஊடே செல்கிறது. அதை அடைக்கவில்லை.

நம் தோட்டங்கள் பல கைமாறி வீடமைப்பு நிலமாகிவிட்டன. மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழி அப்போது யார் பெயரில் இருந்தது என்று, உங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.